பழைய வகுப்பைக் கூட்டப் பதினைந்தாயிரம் வேண்டுமா?

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும், மலாடு மால்வணியிலும் தமிழ் வழிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இன்று ஒரே பேட்டையில் இல்லை. சிலர் கல்யாணுக்கும் வசைக்கும் குடிபோய்விட்டார்கள். சிலர் நவி மும்பையில் இருக்கிறார்கள். சிலர் திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் திரும்பிவிட்டார்கள். சிலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள்.

அவர்களில் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாகச் சந்திக்கிறார்கள். டீ வருகிறது, பழைய கதை வருகிறது. "நம்ம பத்தாம் வகுப்பு செட்டை ஒரு நாள் கூட்டினால் என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். மற்ற மூவருக்கும் அது நல்ல யோசனையாகவே படுகிறது.

அடுத்த வாரம் ஒரு கமிட்டி அமைகிறது. கூட்டத்துக்கு மண்டபம், சாப்பாடு, பேனர் என்று பேச்சு வளர்கிறது. அப்போது ஒருவர், "நமக்கென்று ஒரு இணையதளம் வேண்டாமா? எல்லோரும் வைத்திருக்கிறார்களே!" என்கிறார். தெரிந்த ஒருவரிடம் விசாரிக்கிறார்கள். அவர் பதினைந்தாயிரம் ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால், முப்பது பேர் தலைக்கு ஐநூறு ரூபாய் கொடுக்க வேண்டும். மண்டபமும் சாப்பாடும் தனி.

ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவருக்கு ஐநூறு ரூபாய் பெரிய சுமை அல்ல என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே வகுப்பில் படித்தவர்களில் வாட்ச்மேன் உண்டு; இட்லி வண்டி தள்ளுகிறவர் உண்டு; தோல் பட்டறையில் நாள் கூலிக்குப் போகிறவர் உண்டு. அவர்களுக்கு அது ஒரு நாள் சம்பாத்தியம். "பணம் இல்லை" என்று பழைய தோழர்கள் முன்னால் சொல்ல யாருக்கும் மனம் வராது. "அன்றைக்கு டூட்டி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

எல்லோரையும் சேர்ப்பதற்காகப் போடும் இணையதளமே சிலரைச் சேரவிடாமல் செய்துவிட்டால் அதனால் யாருக்கு லாபம்?

இணையதளம் தேவைதான். ஆனால் அதற்குப் பதினைந்தாயிரம் தேவையில்லை. ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை என்பதே உண்மை. இதைக் கமிட்டிக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப் போதாதா?

"வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இணையதளம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஒரு வகுப்புக்கு அது தாராளம். செலவும் இல்லை. எல்லோர் கையிலும் இருக்கிறது.

ஆனால் வாட்ஸ்அப்பில் சேர்க்க வேண்டுமானால் முதலில் ஒருவரின் எண் தெரிந்திருக்க வேண்டும். எண் தெரிந்தவர்கள் காணாமல் போனவர்கள் அல்ல. எண் தெரியாதவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போன ஒருவர், என்றைக்காவது ஒரு இரவு தன் பள்ளியின் பெயரைச் செல்போனில் தட்டித் தேடினால், அவர் கண்ணுக்கு வாட்ஸ்அப் குழு தென்படாது. அவர் தேடும்போது கிடைப்பதற்கு வெளியே ஒரு பக்கம் இருக்க வேண்டும். இணையதளத்தின் வேலை அது ஒன்றுதான்.

இன்னொரு குறையும் உண்டு. குழுவில் காலை வணக்கமும், பிறந்த நாள் வாழ்த்தும், அரசியல் சண்டையும் நாள்தோறும் வந்து விழுகின்றன. யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாரோ எழுதிய ஒரு வரி, இரண்டே வாரத்தில் அடியில் புதைந்துவிடும். பேசுவதற்கு வாட்ஸ்அப் நல்லது. பட்டியல் வைத்துக்கொள்ள அது உதவாது.

நகராட்சிப் பள்ளிகளின் நிலை

மும்பைத் தமிழர்களுக்கு இந்தப் பட்டியல் மற்றவர்களைவிட அவசியமானது. அதற்குக் காரணம் இருக்கிறது.

பெரிய நிர்வாகம் உள்ள பள்ளிகளுக்குக் கவலை குறைவு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று தில்லியில் 7 பள்ளிகளை நடத்துகிறது. மும்பையில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தொடங்கியது. இத்தகைய அமைப்புகளுக்கு அலுவலகம் உண்டு. பழைய மாணவர் எவரும் போய்க் கதவைத் தட்டலாம்.

ஆனால் மும்பைத் தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் படித்தது மாநகராட்சிப் பள்ளிகளில். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று 8 மொழிகளில் பள்ளிகள் நடத்திய பெருமை மும்பை மாநகராட்சிக்கு உண்டு. தமிழ் வகுப்புகளில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ பல ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. பெற்றோர்கள் ஆங்கில வழியை நாடுகிறார்கள். வகுப்புகள் சுருங்குகின்றன. ஒரு பள்ளி இன்னொரு பள்ளியோடு இணைக்கப்படுகிறது.

பள்ளி போனாலும் அதன் பதிவேடு ஏதாவது ஒரு அலுவலக அலமாரியில் இருக்கும். லீவிங் சர்டிபிகேட் கேட்டால் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் யார் யாரோடு படித்தார், எந்த வாத்தியார் எந்தப் பாடம் எடுத்தார், சுதந்திர தின விழாவில் யார் பாடினார் என்பது எந்த அலமாரியிலும் இல்லை. அது படித்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. தாராவியில் மறுசீரமைப்புப் பணிக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. பழைய சாலும் சந்தும் மாறினால், "இன்ன சந்தில் மூன்றாவது வீடு" என்ற அடையாளமும் போய்விடும். தேடுவதானால் இப்போதே தேட வேண்டும்.

பெயரில் ஒரு சிக்கல்

தேடுவதிலும் மும்பைத் தமிழர்களுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது.

ஊரில் எஸ். முருகன் என்றால் முருகன் தான். மும்பையில் பள்ளிப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். ஒரு வீட்டில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார்கள். இன்னொரு வீட்டில் சாதிப் பெயரை எழுதினார்கள். வேறொரு வீட்டில் ஊர்ப் பெயரையே எழுதிவிட்டார்கள். ஆகவே ஒரே முருகன் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயராகவும், ரேஷன் கார்டில் ஒரு பெயராகவும், ஆதாரில் வேறொரு பெயராகவும் இருப்பார். ஆங்கில எழுத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டலும் மாறும். வகுப்பில் அவரை யாவரும் அழைத்ததோ ஒரு பட்டப்பெயரால்!

பெண்களின் பெயர் திருமணத்துக்குப் பின் மாறிவிடும். ஆகவே முகநூலில் பள்ளிக்காலப் பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இதற்கு ஒரே வழி, தோழர்களைத் தேடி அலைவதோடு, தோழர்கள் தேடிவந்து கண்டுகொள்ளும்படி ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பது. அதில் பள்ளியின் முழுப் பெயர், அது இருந்த தெரு, வகுப்பு, பிரிவு, தேர்வு எழுதிய ஆண்டு, வகுப்பாசிரியரின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். தேடுகிறவர் எந்த மொழியில் தட்டினாலும் கிடைக்க வேண்டும் அல்லவா? மொத்தம் பதினைந்து வரிதான் வரும். இந்தப் பதினைந்து வரிக்குத்தான் பதினைந்தாயிரம் கேட்கப்படுகிறது!

காசில்லாத வழி

செலவில்லாமல் இதைச் செய்ய வழிகள் பல உண்டு.

முதலாவது, கூகுள் சைட்ஸ். ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். கட்டணம் இல்லை, விளம்பரமும் வருவதில்லை. எழுத்தும் படமும் வைத்து ஒரு பக்கத்தை ஒரே மாலையில் அமைத்துவிடலாம். செல்போனைவிடக் கம்ப்யூட்டரில் செய்வது எளிது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகனோ மகளோ இருந்தால் அவர்களே செய்து கொடுப்பார்கள்.

இரண்டாவது, பிளாகர். இது 1999-இல் தொடங்கி, 2003 முதல் கூகுளிடம் இருக்கிறது. தமிழில் வலைப்பூ எழுதியவர்கள் பலர் இதில் பழகியவர்களே. செய்தி புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, வேர்ட்பிரஸ் டாட் காம் நிறுவனத்தின் இலவசத் திட்டம். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் இலவசப் பக்கத்தில் அவர்களுடைய விளம்பரம் வரும், இடமும் குறைவு.

இவற்றோடு கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்துப் பக்கத்தில் இணைத்துவிட வேண்டும். தேடி வந்தவர் தம் பள்ளிக்காலப் பெயர், இப்போதைய பெயர், ஊர், செல்போன் எண் ஆகியவற்றை அதில் நிரப்பினால், அது தானாகவே ஒரு அட்டவணையில் போய்ச் சேரும். அட்டவணையைக் கமிட்டியார் மட்டுமே பார்க்கலாம். இதற்கும் கட்டணம் இல்லை. கணக்குடன் வரும் 15 ஜி.பி. இலவச இடம் ஒரு வகுப்பின் பழைய புகைப்படங்களுக்குப் போதும்.

முகவரிக்கு மட்டும் விலை

இலவசப் பக்கத்தின் முகவரி நீளமாக இருக்கும். சொந்தமாகச் சுருக்கமான ஒரு முகவரி வேண்டும் என்றால் அதற்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். டாட் இன், டாட் காம் முகவரிகள் பொதுவாக ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐநூறு வரை ஆகும். 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. அந்த முகவரியை கூகுள் சைட்சிலோ பிளாகரிலோ பொருத்திக்கொள்ளலாம். பக்கத்தை வைக்கத் தனியாக இடம் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

விளம்பரத்தில் காட்டும் மலிவு விலை பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டும். இரண்டாம் ஆண்டு விலை ஏறிவிடும். வாங்குமுன் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேட்க வேண்டும்.

முகவரியை அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டால், பின்னால் மனக்கசப்பு வந்தால் வகுப்புக்கு அதன்மீது உரிமை இராது. பதிவு வகுப்புப் பிரதிநிதி ஒருவரின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

ஆண்டுச் சந்தா கட்டத் தவறினால் அந்தப் பெயர் வேறு ஒருவர் கைக்குப் போகலாம். கைவிடப்பட்ட முகவரிகளை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்த பள்ளியின் பெயரைத் தட்டினால் ரம்மி ஆட்டம் வந்து நிற்கும் அவலம் தேவையா? பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பணம் கட்ட முடிந்தால் வாங்கலாம். இல்லையேல் நீளமான இலவச முகவரியே மேல்.

எதை வெளியே வைக்கக் கூடாது?

ஆர்வத்தில் சில கமிட்டிகள் எல்லோருடைய பெயர், எண், பிறந்த தேதி, வீட்டு விலாசம் அனைத்தையும் இணையத்தில் ஏற்றிவிடுகின்றன. இது பெரும் தவறு. வங்கியிலிருந்து பேசுவதாகவும் போலீசிலிருந்து பேசுவதாகவும் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்களுக்கு இத்தகைய பட்டியல் விருந்து.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண்ணுக்குத் தெரியாத ஆண் குரலில் திடீரென்று போன் வந்தால், அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். சில வீடுகளில் செல்போன் கணவர் கையிலோ மாமியார் கையிலோ இருக்கும். ஆகவே பெண் தோழிகளைப் பெண் தோழிகளே தொடர்புகொள்ள வேண்டும். வர விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும்.

திறந்த பக்கத்தில் பள்ளியின் விவரமும், கமிட்டியின் மின்னஞ்சலும், படிவமும் போதும். எண்கள் உள்ளே இருக்கட்டும். பழைய குரூப் போட்டோவையும் தோழர்களுக்கு மட்டும் தெரியும்படி வைப்பதே முறை.

நன்கொடை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வரிசையாகப் போடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். மொத்த வரவு, மொத்தச் செலவு என்ற கணக்கை மட்டும் எல்லோருக்கும் காட்டினால் போதும்.

இரண்டு சாவி

இணையத்தில் எதுவும் நிலையானது என்று நம்பிவிடக் கூடாது. ஒரு காலத்தில் உலகெங்கும் பலர் ஜியோசிட்டிஸ் தளத்தில் இலவசப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். அது 2009-இல் மூடப்பட்டது. இந்திய இளைஞர்கள் பள்ளித் தோழர்களைத் தேடிக் குவிந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் நின்றன. நகல் எடுத்து வைத்தவர்களிடம் மட்டுமே பழைய கடிதங்களும் படங்களும் மிஞ்சின.

இன்றைய இலவசச் சேவைக்கும் நிபந்தனை உண்டு. இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கும் வழக்கத்தை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே கணக்கை ஒருவருடைய சொந்தப் பெயரில் திறக்காமல் வகுப்பின் பெயரில் திறக்க வேண்டும். கடவுச்சொல் இருவரிடம் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஏதேனும் ஆகிவிட்டாலும் மற்றவரால் திறக்க முடிய வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது, உள்ளே போய்ப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு வர வேண்டும்.

காகிதமும் வேண்டும்

கடைசியாக ஒன்று. ஸ்மார்ட்போன் இல்லாத தோழரும் தோழர்தான். கையில் போன் இருந்தும் படிவம் நிரப்பத் தெரியாதவர் உண்டு. அவர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிட வேண்டும். தமிழர் நடத்தும் மளிகைக் கடை, டீக்கடை, கோயில் வாசல், சயானில் உள்ள பம்பாய்த் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களில் அனுமதி கேட்டு ஒட்டினால் பார்வையில் படும். ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு நோட்டீசைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஓய்வுபெற்ற ஆசிரியரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மாணவர்கள் ஒருவரையொருவர் மறந்தாலும் ஆசிரியருக்கு நினைவிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து, வந்தவர்கள் சம்மதித்தால், ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம். மறைந்த தோழர்களின் பெயரையும் அதில் சேர்க்க மறக்கக் கூடாது. எந்த நிறுவனம் மூடினாலும் அந்தக் காகிதம் பெட்டியில் இருக்கும்.

பதினைந்தாயிரம் ரூபாய் எப்படியாவது வசூலாகிவிடும் என்று கமிட்டி நம்புமானால், அதைச் செலவிட வேறு இடம் இருக்கிறது. ஊரிலிருந்து மும்பைக்கு வர ஆசைப்பட்டும் ரயில் கட்டணம் இல்லாமல் தயங்குகிற தோழர் ஒருவராவது ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். அவருக்குப் போக வர ஒரு டிக்கெட் எடுத்து, விஷயத்தை வெளியே சொல்லாமல் அவர் கையில் சேர்த்துவிட்டால் போதும். இலவசப் பக்கத்தில் தேடிக் கண்டுபிடித்த அந்தத் தோழர் நேரில் வந்து பெஞ்சில் உட்காருவார்.